இரண்டாவது பட்டியல்

கம்பளி, பாலம், ஊசி, குதிரை, மேகம், தட்டு, விசில், நாணயம், ஏணி, கழுத்து. இந்தப் பத்துச் சொற்களையும் நொடிக்கு ஒன்றாக, எதையும் தூக்கிக் காட்டாமல், எதையும் விழுங்காமல் வாசிக்க வேண்டும். பிறகு எதிரே அமர்ந்திருப்பவரிடம் இருபது நிமிடங்கள் வேறு கேள்விகள்: எத்தனை மணி நேரம் உறங்குகிறீர்கள், வாரத்தில் எத்தனை நாள் நடக்கிறீர்கள், புகைப்பதுண்டா, காது எப்படிக் கேட்கிறது, கடைசியாக ஒருவரோடு மனம்விட்டுப் பேசியது எப்போது. அவை முடிந்ததும், முன்னறிவிப்பு ஏதுமின்றி, "முதல்ல கொஞ்சம் வார்த்தை படிச்சேன் இல்லையா, அதுல எதெல்லாம் ஞாபகம் இருக்கு?" என்று கேட்க வேண்டும். அந்த நேரத்தில் வரும் எண்ணிக்கைதான் மதிப்பெண். வாழ்க்கைமுறைக்கும் மூளை முதுமையடைவதற்கும் உள்ள உறவை ஆயிரத்து நூறு பேரிடம் ஆண்டுக்கு ஒருமுறை அளந்துவந்த அந்த ஆய்வுமையத்தின் கட்டடம் முழுவதும் இந்த ஓர் எண்ணின்மீதுதான் நின்றது என்றால் மிகையில்லை.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அங்கே பேட்டியாளராகச் சேர்ந்த தங்கைக்கு முதல் தேர்வே இந்த வாசிப்புதான். அவள் குரல் இயல்பிலேயே ஏறி இறங்கும் குரல். இரண்டு முறை தோற்றாள். மூன்றாவது முறையும் தோற்றால் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அதனால் வீட்டுச் சமையலறையில் பயிற்சி நடந்தது. அவள் மேசையருகே நின்று வாசிப்பாள். அக்காள் காய் நறுக்கியபடியே கேட்பாள்.

"குதிரைன்னு சொல்றப்போ நீயே குதிக்கிற. அது என்ன பண்ணுச்சு உன்னை?"

"குதிக்கலக்கா, சாதாரணமாத்தான் சொன்னேன்."

"ஏத்த இறக்கம் இருக்கு. ஒரே மாதிரி சொல்லு. மருந்துச் சீட்டைப் படிக்கிற மாதிரி. மறுபடி."

அக்காள் ஒரு மருத்துவமனையின் மருந்தகத்தில் மருந்தாளுநர். எந்த மருத்துவரின் கிறுக்கலையும் படித்துவிடுவாள். படிக்க முடியாவிட்டால் மாடியேறிப் போய் அவரையே கேட்டு, எழுதவும் சொல்லிக்கொடுத்துவிட்டு வருவாள். அவளுக்குத் தோராயம் பிடிக்காது. ஆகவே மூன்று வாரங்கள், நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு முறை, அந்தப் பட்டியல் அச்சமையலறையில் ஒலித்தது. தங்கை தேறினாள். பயிற்சி தந்தவளின் தலைக்குள் பட்டியல் ஆணியடித்ததுபோல் இறங்கியிருக்கும் என்பதை அப்போது இருவருமே எண்ணிப்பார்க்கவில்லை.

எண்ணிப்பார்க்க வேண்டிய தருணம் இரண்டு மாதம் கழித்து வந்தது. ஆய்வில் சேர்வதற்கு ஐம்பது வயது நிறைந்திருக்க வேண்டும். அக்காளுக்கு ஐம்பத்து நான்கு. சேர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் அவள்தான். அம்மா மறதி நோயிலேயே போனவள். கடைசி இரண்டு ஆண்டுகள் பெற்ற பெண்கள் இருவரையும் "டீச்சர், டீச்சர்" என்று அழைத்து, வீட்டுக்கு அனுப்பச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டே இருந்தாள். அம்மாவுக்கு மறதி தொடங்கியதை வீட்டில் எல்லோரும் அறிந்திருந்தார்கள். அவளிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை.

"எனக்கு அப்படி வந்தா முதல் நாளே சொல்லிடு, குட்டி" என்றாள் அக்காள். நாற்பதைத் தாண்டிய பின்னும் தங்கை அவளுக்குக் குட்டிதான். "பாவம், தாங்கமாட்டான்னு நீயா முடிவு பண்ணாதே. தாங்குறதும் தாங்காததும் என் பாடு. அறிவு இருக்கும்போதே நான் செய்ய வேண்டியதைச் செஞ்சுக்குவேன். சத்தியம் பண்ணு."

தங்கை சத்தியம் செய்தாள். சேர்க்கைப் படிவத்தின் ஏழாவது கேள்வி: இச்சோதனையின் சொற்களை இதற்குமுன் கேட்டிருக்கிறீர்களா? ஆம் என்றால் சேர்க்கை இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் கேட்டால் பட்டியல் மனத்தில் தங்காது என்பது மையத்தின் கணக்கு. சொன்ன சொல்லைக் காப்பாற்ற அக்காளை ஆண்டுதோறும் அளந்தாக வேண்டும். அளப்பதற்கு அவள் ஆய்வுக்குள் இருந்தாக வேண்டும். தங்கை 'இல்லை' என்ற கட்டத்தில் குறியிட்டு, கடைசிப் பக்கத்தை மட்டும் காட்டி அக்காளிடம் கையெழுத்து வாங்கினாள். ஓரிரு ஆண்டில் மறந்துவிடுவாள் என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள்.

ஊழியரின் உறவினரை வேறோர் ஊழியர்தான் சோதிக்க வேண்டும் என்பது விதி. அக்காளுக்கு வாய்த்தவர் 'டிக்டிக்' என்று எல்லோராலும் அழைக்கப்பட்ட மூத்த பேட்டியாளர். பட்டியல் வாசிப்பில் கடிகாரமே அவரிடம் பிச்சை வாங்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் அவர் அறையிலிருந்து வெளியே வந்து, விதியை மீறி, கண்ணைச் சிமிட்டி இரு கைகளின் விரல்களையும் விரித்துக்காட்டுவார். பத்துக்குப் பத்து.

"உங்க அக்காவை அருங்காட்சியகத்துல வைக்கணும்மா" என்பார்.

வீட்டில் அக்காளின் பெருமை தாங்காது. ஆனாலும் மதிப்பெண்ணுக்கு உரிய விலையைக் கொடுத்துத்தான் வாங்கினாள் என்று சொல்ல வேண்டும். ஆய்வின் கேள்வித்தாளே அந்த வீட்டுக்குச் சட்டப்புத்தகமாயிற்று. காலையில் நாற்பது நிமிட நடை, உப்பு பாதி, இனிப்பு அறவே இல்லை, பத்து மணிக்கு விளக்கணைப்பு, ஐம்பத்தெட்டாவது வயதில் ஒரு புது மொழிக்கான வகுப்பு, காதில் சிறு குறை தெரிந்ததுமே கருவி.

"உங்க ஆராய்ச்சியால மூளை நல்லா இருக்குடி. நாக்குதான் செத்துப்போச்சு" என்பாள் சாப்பிடும்போது. ஆனால் தட்டில் ஒரு பருக்கையும் மிச்சமிருக்காது.

ஏழாவது ஆண்டில் மருந்தகத் தலைவர் தங்கையை அழைத்துப் பேசினார். ஒரே புட்டியில் அக்காள் மூன்று சீட்டுகள் ஒட்டியிருந்தாளாம். இன்னொரு நாள் குழந்தைக்கான மருந்தில் 'வேளைக்கு ஐந்து' என்று மட்டும் எழுதி, ஐந்து என்ன என்பதை எழுதாமல் விட்டிருந்தாளாம். நல்லவேளையாக வேறொருவர் கண்ணில் பட்டது.

"எப்பவும் எங்களைத் திருத்துறவங்க. அதான் மனசு கேக்கல. டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை காட்டிடுங்களேன்."

"அவங்களுக்கு அப்படி எதுவும் இல்ல சார்" என்றாள் தங்கை. அவள் குரலில் தொழில்காரியின் உறுதி இருந்தது. "போன மாசம்தான் சோதனை பண்ணினாங்க. பத்துக்குப் பத்து. தூக்கம் கெட்டுப்போயிருக்கு, அவ்வளவுதான்."

பிற்பாடு தன்னை அவள் மன்னிக்க முடியாமல் போனது படிவத்தில் இட்ட பொய்க்காக அல்ல, இந்த வாக்கியத்துக்காகத்தான். பொய்யைச் சொன்னவளே அந்தப் பொய் ஈன்ற எண்ணை மெய்யென்று நம்பினாள். அக்காள் ஓய்வு பெற்றாள். அதை உழைத்துக் களைத்தவளின் ஓய்வென்றே தங்கை கொண்டாள். அக்காள் மொழி வகுப்பை நிறுத்தினாள். சலித்துவிட்டது என்று தங்கை கொண்டாள். அக்காள் தெரிந்த தெருவில் வழி தப்பினாள்; சாலையைத் தோண்டிப்போட்டிருக்கிறார்களே என்று தங்கை சொல்லிக்கொண்டாள். ஒவ்வொரு முறை நெஞ்சு திடுக்கிட்டபோதும் டிக்டிக்கின் பத்து விரல்கள் எழுந்து அவளை அமர்த்தின. எட்டுக்குக் கீழே இறங்கியவர்களுக்கு மட்டுமே மையம் மூளைப்படம் எடுத்துப் பார்க்கும். அக்காள் இறங்கவே இல்லை.

உண்மை ஒரு மாலைப்பொழுதில், கடைக்குப் போகும் அவசரத்தில் வந்தது.

"அக்கா, என்ன வாங்கணும்? சொல்லு, எழுதிக்கிறேன்."

அடுப்பருகே நின்ற அக்காள் திரும்பினாள். முகத்தில் ஒரு கணம் ஒன்றுமே இல்லை. பிறகு, எதையோ பிடித்துக்கொண்டவளின் நிம்மதியோடு சொல்லத் தொடங்கினாள்: "கம்பளி. பாலம். ஊசி. குதிரை."

நொடிக்கு ஒரு சொல். ஏற்றமில்லை, இறக்கமில்லை. அது அக்காளின் குரல் அல்ல. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அதே மேசையருகே நின்று தேர்வுக்குப் பழகிய தன் குரல் என்பதைத் தங்கை உணர்ந்தாள். கழுத்து வரை சொல்லி முடித்துவிட்டு அக்காள் அவளைப் பார்த்துச் சிரித்தாள்.

"எழுதிக்கிட்டியா?"

மறுநாள் காலை தங்கை பெரிய டாக்டரின் அறைக்குப் போனாள். ஆய்வின் தலைமை அந்த அம்மாளிடம் இருந்தது. குரலை உயர்த்தாமலேயே எல்லோரையும் நடுங்கவைக்கும் மனிதர். போக வேண்டிய அவசரத்துக்குக் காரணம் இருந்தது. நோய் தொடங்கும் நிலையிலேயே பிடிபட்டவர்கள் நாற்பது பேருக்கு ஒரு புது மருந்தும் தனிக் கவனிப்பும் தர மையம் ஏற்பாடு செய்துகொண்டிருந்தது. பெயர்கள் அந்த வாரக் கடைசியில் முடிவாகும். மதிப்பெண் நான்குக்கும் ஆறுக்கும் இடையே இருக்க வேண்டும்.

தங்கை எல்லாவற்றையும் சொன்னாள். பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"எத்தனை பேரை நீ பேட்டி எடுத்திருக்கே?"

"முந்நூத்திப் பன்னெண்டு பேர், டாக்டர்."

"அத்தனையையும் இப்ப நான் சந்தேகப்படணும். அது தெரியுதா உனக்கு?"

"தெரியுது."

"இன்னைலேருந்து பேட்டிக்குப் போகாதே. கோப்பு அறையில உட்காரு. மத்ததை அப்புறம் பார்க்கலாம்." அவர் நாட்காட்டியைப் புரட்டினார். "ரெண்டாவது பட்டியல் ஒண்ணு இருக்கு. உறை பிரிக்காம வச்சிருக்கோம், இந்த மாதிரி சமயத்துக்குத்தான். வியாழக்கிழமை கூட்டிட்டு வா. நாலு வந்தாகூடப் போதும், நான் சேர்த்துக்கறேன். பொய் சொன்னது நீ. அவங்க இல்ல."

தங்கை எழுந்தாள். அவர் மறுபடி பேசினார். இம்முறை குரல் தணிந்திருந்தது.

"அம்மாவுக்கு இருந்துச்சு, அக்காவுக்கும் இருக்குன்னா, நாளைக்கு நீயும் அந்த நாற்காலியில உட்கார வேண்டி வரலாம். முதல் பட்டியல் உனக்கு எதுக்கும் ஆகாது, தூக்கத்துலகூடச் சொல்லுவே. மிச்சம் இருக்கறது இது ஒண்ணுதான். உன் காதுல விழாம பார்த்துக்கோ."

வாசலில் நின்று அவள் கேட்டாள்: "இத்தனையும் செஞ்சாங்களே டாக்டர், நடந்தாங்க, உப்பைக் குறைச்சாங்க, படிச்சாங்க. ஒண்ணுமே உதவலையா?"

"நம்ம கணக்கு கூட்டத்தைப் பத்திச் சொல்லும்மா. ஆயிரம் பேர் நடந்தா இத்தனை பேருக்குத் தள்ளிப்போகும்னு சொல்லும். அந்த ஆயிரத்துல உங்க அக்கா எந்தப் பக்கம்னு அது என்னைக்குமே சொன்னதில்ல." அவர் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். "நாமதான் அது சொன்ன மாதிரி கேட்டுக்கிட்டோம்."

வியாழக்கிழமை அக்காள் தானே தலைவாரி, வேலைக்குப் போகும் நாளைப்போல் உடுத்திக்கொண்டாள். ஆனால் கைப்பையைத் திறந்து திறந்து பார்த்தாள். நடைகூடத்தில் டிக்டிக் எதிர்ப்பட்டதும் முகம் மலர்ந்தது, பெயர் வரவில்லை.

"வாங்கம்மா, வாங்க. தயாரா?"

"எப்பவும் தயார்தான். நீங்கதான் முடி நரைச்சுப்போயிட்டீங்க. உப்பைக் குறைங்க."

டிக்டிக் சிரிக்க முயன்றார். அவருக்கு எல்லாம் சொல்லப்பட்டிருந்தது. தங்கையின் கண்களைப் பார்க்காமல், பிரிக்காத உறையோடு அக்காளை உள்ளே அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார்.

அந்தக் கதவுகள் மெல்லிய பலகை. உள்ளே நாற்காலி இழுபடுவது வெளியே பெஞ்சில் கேட்டது. உறை கிழிபடுவதும் கேட்டது. டிக்டிக் தொண்டையைச் செருமினார்.

தங்கை இரு கைகளாலும் காதுகளைப் பொத்திக்கொண்டாள். அது போதாது என்று தோன்றவே எழுந்து, நடைகூடத்தின் மறுகோடிக்குப் போய், குளிர்நீர் இயந்திரத்தின் இரைச்சலருகே சுவரைப் பார்த்து நின்றாள். நின்றபடி முதல் பட்டியலை மனத்துக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். வேறெந்தச் சொல்லும் உள்ளே புகாதிருக்க அதுவே தாழ்ப்பாள். உள்ளே இருப்பது அக்காள் என்பதும், தான் காத்துக்கொள்வது தன்னை என்பதும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்தும் அவள் கைகளை எடுக்கவில்லை. கழுத்து வந்ததும் மீண்டும் கம்பளியிலிருந்து தொடங்கினாள்.

தோளில் யாரோ தொட்டபோது டிக்டிக் நின்றிருந்தார். ஏறக்குறைய அரைமணி நேரம் போயிருந்தது.

"இங்கயா இருந்தீங்க?" என்றார் அவர். "பெஞ்சிலதான் இருக்கீங்கன்னு நினைச்சேன்."

"எத்தனை?"

"உங்களைக் கூப்பிட்டாங்க."

"எப்போ?"

"நான் படிக்க ஆரம்பிச்ச உடனே. 'இது அது இல்லையே'ன்னாங்க. அப்புறம் பயந்துட்டாங்க. குட்டி, குட்டின்னு நாலஞ்சு தடவை. கொஞ்சம் சத்தமாவே. நடுவுல நான் எழுந்து வரக்கூடாதும்மா, விதி உங்களுக்கே தெரியும். கதவுக்கு அந்தப் பக்கம்தானே இருக்கீங்க, கேட்டிருக்கும், வருவீங்கன்னு பார்த்தேன்."

"எத்தனை, சார்?"

டிக்டிக் கைகளைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார். "கடைசியில ஞாபகம் இருக்கறதைச் சொல்லுங்கன்னு கேட்டேன். பழைய பத்தையும் சொன்னாங்க. வரிசை தப்பாம. ஒரு நொடி பிசகாம. புதுசுல ஒண்ணும் இல்ல. பூஜ்யம் போட்டுட்டேன்."

பெரிய டாக்டர் அறைக்குக் கூப்பிட்டு, அந்த நாற்பது பேரில் அக்காளைச் சேர்க்க முடியாத காரணத்தை விளக்கினார். விளக்கம் தேவைப்படவில்லை. மூன்றாண்டுகளுக்கு முன் இந்த உறையைப் பிரித்திருந்தால் ஐந்தோ ஆறோ வந்திருக்கலாம் என்பதை அவர் சொல்லாமலேயே விட்டது இரக்கத்தால் என்று தங்கைக்குப் புரிந்தது. அந்த மருந்தும் பெரிதாக ஒன்றும் செய்துவிடாது, சில மாதங்கள் தள்ளிப்போடலாம், அதுவும் உறுதியில்லை என்றார். சில மாதங்கள் என்ற சொல்லைக் கேட்டபோது, அந்தச் சில மாதங்களுக்குள் அக்காள் செய்துகொள்ள நினைத்தது என்னவாக இருந்திருக்கும் என்று தங்கை யோசித்தாள். கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. இனிக் கேட்டாலும் விடை சொல்ல ஆள் இல்லை.

ஆய்விலிருந்து நீக்கப்படுவோருக்கென ஓர் இறுதிப் படிவம் உண்டு. அதை உடனிருப்பவர் நிரப்ப வேண்டும். கோப்பு அறையின் மேசையிலேயே நிரப்பினாள். வாரத்தில் நடக்கும் நாட்கள்: ஏழு. உறக்கம்: எட்டு மணி. புகை: இல்லை. உப்பு: குறைவு. இம்முறை ஒரு கட்டத்திலும் பொய் இல்லை. நல்லவை என்று ஆய்வு கருதிய ஒவ்வொரு கட்டத்திலும் குறி விழுந்திருந்தது. ஒன்பது ஆண்டுத் தாள்களோடு அதையும் சேர்த்துக் கட்டி, மேலே 'கணக்கில் கொள்ளற்க' என்ற முத்திரையைத் தன் கையாலேயே குத்தினாள்.

பின் இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள். காலை நடை தவறிப்போனதால் நடந்தே போக வேண்டும் என்று அக்காள் அடம்பிடித்தாள். வெயில் ஏறியிருந்தது. சாலையோரம் ஒருவர் ஏணிமேல் நின்று பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டிருந்தார். அக்காள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்தாள்.

"பத்துக்குப் பத்துதானே?" என்று கேட்டாள்.

தங்கை நின்றாள். சத்தியம் நினைவுக்கு வந்தது. முதல் நாளே சொல்லிடு. முதல் நாள் எப்போதோ, ஒரு புட்டியில் மூன்றாவது சீட்டு ஒட்டப்பட்ட நாளில், கடந்துபோயிருந்தது. என்றாலும் கொடுத்த வாக்கு.

"இல்லக்கா. ஒண்ணுகூட வரல. அம்மாவுக்கு வந்ததுதான் உனக்கும் வந்திருக்கு."

அக்காளின் முகம் மாறியது. புரிந்தது, முழுமையாக, மருந்துச் சீட்டைப் படிப்பவளின் துல்லியத்தோடு புரிந்தது. தங்கையின் மணிக்கட்டைப் பற்றினாள். நகம் பதிந்தது.

"எப்போலேருந்து?"

"மூணு வருஷமா இருக்கும்."

"மூணு வருஷமா? ஏன்டி சொல்லல? உன்கிட்ட அது ஒண்ணுதானே கேட்டேன்." சாலையில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்க அவள் வாய்விட்டு அழுதாள். தங்கை அவளை ஒரு சுவரோரம் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

அழுகை மெல்ல ஓய்ந்தது. அக்காள் கன்னத்தைத் தொட்டு, விரலின் ஈரத்தைப் பார்த்தாள். அது எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு விளங்கவில்லை. மணிக்கட்டை விட்டாள். இருவரும் மறுபடி நடந்தார்கள். சாலைச்சந்திப்பில் சிவப்பு விளக்கு. அதன் கீழே நின்றபோது அக்காள் தங்கையின் முழங்கையை இடித்தாள். கண்களில் பழைய குறும்பு.

"ஏய் குட்டி, பத்துக்குப் பத்துதானே?"

இன்னொரு முதல் நாள். வாக்கைக் காப்பாற்ற இன்று மாலைக்குள் எத்தனை வாய்ப்புகள் வரும் என்று தங்கைக்குத் தெரிந்தது. நாளையும் எத்தனை என்றும் தெரிந்தது. மணிக்கட்டில் நகத்தடங்கள் சிவந்திருந்தன.

"ஆமாக்கா" என்றாள். "பத்து."

அக்காள் புருவத்தை நெரித்தாள். காய் நறுக்கிக்கொண்டே காதை மட்டும் கொடுத்தவளின் அதே கண்டிப்பு.

"குரல் ஏறுது, பாரு. ஒரே மாதிரி சொல்லு."

விளக்கு பச்சைக்கு மாறியது. தங்கை ஒரு நொடி எண்ணினாள்.

"பத்து" என்றாள்.